வகுத்துப் பார்க்காமலே பிடிபட்ட எண்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடியில் டியூஷன் எடுக்கிறேன். பத்தாம் வகுப்புக்கு மட்டு எண்கணிதம் நடத்திக்கொண்டிருந்தபோது, புத்தகத்தில் இல்லாத ஒரு விஷயத்தைப் போகிற போக்கில் சொன்னேன். இன்றைக்கு மனிதர்களுக்குத் தெரிந்த மிகப் பெரிய பகா எண்ணில் நாலு கோடிக்கும் மேல் இலக்கங்கள் இருக்கின்றன என்று. வழக்கமாகப் பேசவே பேசாத ஒரு பெண் தலையைத் தூக்கிக் கேட்டாள்: "அத யாரு சார் வகுத்துப் பாத்தாங்க?"

யாரும் வகுத்துப் பார்க்கவில்லை. பார்க்கவும் முடியாது. அப்படியானால் அது பகா எண் என்று எப்படி அடித்துச் சொல்கிறார்கள்? அன்றைக்குக் கரும்பலகையில் பாதிதான் சொல்ல முடிந்தது. மீதியை இங்கே எழுதுகிறேன்.

எண் இதுதான்: 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1. அதாவது 13,62,79,841 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, வந்ததில் 1 கழிக்க வேண்டும். 2024 அக்டோபரில் அமெரிக்காவின் லூக் டுரான்ட் கண்டுபிடித்தார். மொத்தம் 4,10,24,320 இலக்கங்கள். பக்கத்துக்கு 1,500 இலக்கம் என்று நெருக்கி எழுதினாலும் இருநூறு பக்க நோட்டு 137 வேண்டும். அரை சென்டிமீட்டருக்கு ஓர் இலக்கமாக ஒரே வரியில் எழுதிக்கொண்டு போனால் 205 கிலோமீட்டர் நீளும். கடலூர் வெள்ளிக் கடற்கரையில் முதல் இலக்கத்தை வைத்தால் புதுச்சேரி, மாமல்லபுரம் எல்லாம் தாண்டி, சென்னையையும் கடந்துதான் கடைசி இலக்கம் வரும். செய்திகள் பெரும்பாலும் இந்த நீளத்தோடு நின்றுவிட்டன. நீளத்தில் என்ன இருக்கிறது? இதைவிட நீளமான எண்ணை எழுத ஒரு பூஜ்யம் கூடப் போட்டால் போதும். விஷயம் இந்த எண்ணின் உருவத்தில் இருக்கிறது.

முதலில், வகுத்தல் ஏன் நடக்காது என்று பார்த்துவிடலாம். 97 பகா எண்ணா என்று கேட்டால் 2, 3, 5, 7 நான்கால் வகுத்துப் பார்த்து நிறுத்திவிடுகிறோம். வர்க்கமூலம் வரை போனால் போதும். நம் எண்ணின் வர்க்கமூலத்துக்கே இரண்டு கோடி இலக்கம். கண்ணுக்குத் தெரியும் பிரபஞ்சத்தில் உள்ள அணுக்களின் எண்ணிக்கை சுமார் எண்பது இலக்கத்தில் அடங்கிவிடும் என்கிறார்கள். இரண்டு கோடி இலக்கத்தில் முடிகிற அளவு வகுத்தல்களை எந்தக் கம்ப்யூட்டரிடம் கொடுப்பது?

வகுக்காமல் சோதிக்கும் வழிகள் உண்டு. ஃபெர்மா என்ற பிரெஞ்சுக் கணித மேதை பதினேழாம் நூற்றாண்டில் ஒரு உண்மையைக் கண்டார். ஓர் எண் பகா எண்ணாக இருந்தால் (3-ஐ விட்டுவிடுங்கள்), 3-ஐ அந்த எண்ணைவிட ஒன்று குறைவான தடவை பெருக்கி, அதே எண்ணால் வகுத்தால் மீதி 1 வரும். 7-க்கு, ஆறு மூன்றுகளைப் பெருக்கினால் 729. ஏழால் வகுத்தால் மீதி 1. சரி. மீதி 1 வரவில்லை என்றால் அது பகு எண் என்று ஒரு காரணியைக்கூடப் பார்க்காமல் சொல்லிவிடலாம். ஆனால் மீதி 1 வந்ததாலேயே பகா எண் என்று முடிவுகட்ட முடியாது. 91-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் எப்போதும் பகா எண் என்று எழுதி மார்க்கை விடுகிற அதே 91தான், 7 × 13. இந்தச் சோதனையில் 91-க்கும் மீதி 1தான் வருகிறது. போலிகள் சோதனையிலும் தேறுகின்றன.

எந்த எண்ணைக் கொடுத்தாலும் சந்தேகமில்லாமல், நியாயமான வேகத்தில் தீர்ப்புச் சொல்லும் முறையை 2002-இல் கான்பூர் ஐ.ஐ.டி.யில் மணீந்திர அகர்வால், நீரஜ் கயால், நிதின் சக்சேனா மூவரும் கொடுத்தார்கள். கோட்பாட்டளவில் பெரிய சாதனை. நடைமுறையில் அதுவும், அதைவிட வேகமான வேறு முறைகளும், உருவமே இல்லாத ஒரு பொது எண் என்றால் ஒரு லட்சம் இலக்கத்தை ஒட்டியே திணறிவிடுகின்றன. நாலு கோடிக்குப் பக்கத்தில்கூட வர முடியாது. நம் எண் இருக்கும் வட்டாரத்தில் சராசரியாக சுமார் 9 கோடியே 45 லட்சம் எண்களுக்கு ஒரு பகா எண் என்ற விகிதத்தில் பகா எண்கள் இறைந்து கிடக்கின்றன என்று கணக்குச் சொல்கிறது. இருக்கின்றன, ஆனால் அவற்றில் ஒன்றைக்கூட நம்மால் சுட்டிக்காட்ட முடியாது. 2¹³⁶²⁷⁹⁸⁴¹ − 1 மட்டும் மாட்டியது, அதற்கென்று ஒரு உருவம் இருந்ததால்.

அந்த உருவத்தை, 0, 1 இரண்டை மட்டும் வைத்து எழுதும் இரும எண்ணில் எழுதினால்தான் தெரியும். 3 என்பது 11. 7 என்பது 111. 31 என்பது 11111. டுரான்டின் எண் 13,62,79,841 ஒன்றுகள் வரிசையாக. நடுவில் ஒரு பூஜ்யம் கிடையாது. பத்தடிமான எண்ணில் 999 எப்படியோ அப்படித்தான் இருமத்தில் இது: எல்லா இடமும் நிரம்பிவிட்டது, இன்னும் ஒன்று சேர்த்தால் புதிதாக ஓர் இடம் திறக்கும். 31 ஒன்றுகள் கொண்ட 2,14,74,83,647-ஐப் பகா எண் என்று ஆய்லர் நிறுவியது 1772-இல் வெளிவந்தது. பழைய கம்ப்யூட்டர்களில் நேரத்தை 1970 முதல் வினாடி வினாடியாக எண்ணும் ஒரு பெட்டி உண்டு. அதில் கொள்ளும் உச்ச எண் இதே எண்தான். 2038 ஜனவரி 19 அன்று நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 வினாடிக்கு அந்தப் பெட்டி நிரம்பும்.

ஒன்றுகளின் எண்ணிக்கை பகு எண்ணாக இருந்தால் ஆட்டம் ஆரம்பத்திலேயே முடிந்துவிடும். ஆறு ஒன்றுகளை எடுங்கள்: 111111. இதை 111, 111 என்று இரண்டு கொத்தாகப் பிரித்தால், ஒரே கொத்து இரண்டு தடவை வந்திருப்பது கண்ணுக்கே தெரிகிறது. அதனால் 111-ஆல் வகுபடும். சாதாரண எண்ணில் 63 = 7 × 9. பதினைந்து ஒன்றுகள் என்றால் மும்மூன்றாகவும் பிரிக்கலாம், ஐவைந்தாகவும் பிரிக்கலாம். அதனால் 32,767 என்ற எண் 7-ஆலும் வகுபடும், 31-ஆலும் வகுபடும். ஆகவே ஒன்றுகளின் எண்ணிக்கை பகா எண்ணாக இருந்தே ஆக வேண்டும். 13,62,79,841-உம் பகா எண்தான்.

அது மட்டும் போதுமா? 2, 3, 5, 7 ஒன்றுகளுக்குப் போதுகிறது: 3, 7, 31, 127 எல்லாமே பகா எண்கள். அடுத்தது 11. 2¹¹ − 1 = 2047. 23 × 89. போச்சு.

நாலு தடவை சரியாக வந்தது ஐந்தாவது தடவை காலை வாரும் இந்தக் கதை எண் கோட்பாட்டில் அடிக்கடி நடக்கும். இன்னொன்று நம் மாவட்டத்தோடு தொடர்புள்ளது. கணித மேதை எஸ்.எஸ். பிள்ளை 1929 முதல் 1941 வரை சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இருந்தார். இங்கிருந்து தெற்கே பஸ்ஸில் போகிற தூரம்தான். அவருடைய பெரிய வேலைகள் அங்கேதான் நடந்தன. வாரிங் கணக்கு என்று ஒன்று. எல்லா இயல் எண்களையும் ஆறாம் அடுக்குகளின் கூட்டலாக எழுத எத்தனை ஆறாம் அடுக்குகள் போதும்? 73 போதும் என்று 1940-இல் நிறுவியவர் அவர். அவர் பெயரில் 'பிள்ளை பகா எண்கள்' என்றே ஒரு வகை இருக்கிறது. அதற்குக் காரணமான கேள்வி இப்படிப் போகிறது. காரணீயப் பெருக்கத்தோடு (1 × 2 × 3 என்று வரிசையாகப் பெருக்கிக்கொண்டு போவது) 1 கூட்டிக்கொண்டே போங்கள். நாலு வரை பெருக்கி ஒன்று கூட்டினால் 25, அதாவது 5 × 5. ஐந்தை நாலால் வகுத்தால் மீதி 1. ஐந்து வரை என்றால் 121, 11 × 11. பதினொன்றை ஐந்தால் வகுத்தால் மீதி 1. ஆறு வரை 721, 7 × 103. இரண்டையும் ஆறால் வகுத்தால் மீதி 1. ஏழு வரை 5041, 71 × 71. ஏழால் வகுத்தால் மறுபடியும் மீதி 1. எப்போதுமே இப்படித்தானா? எட்டு வரை பெருக்கி ஒன்று கூட்டினால் 40,321. அது 61 × 661. இரண்டில் எதை எட்டால் வகுத்தாலும் மீதி 5. ஆக, 61 ஒரு பிள்ளை பகா எண். இதே மாதிரி விதி மீறும் பகா எண்களில் மிகச் சிறியது 23, பதினாலு வரை பெருக்கினால் அகப்படும். 2047-ஐ உடைத்ததும் அதே 23தான். வெறும் தற்செயல், ஆனாலும் வகுப்பில் சொல்ல நன்றாக இருக்கிறது. பிள்ளை பகா எண்களுக்கு முடிவில்லை என்பது பின்னாளில் நிறுவப்பட்டது. பிள்ளை 1950 ஆகஸ்ட் 31 அன்று, அமெரிக்கா போகும் வழியில், கெய்ரோ அருகே விமான விபத்தில் இறந்துபோனார்.

சரி, 2047-க்கு வருவோம். 2-இன் அடுக்கில் 1 கழித்து வரும் எண்களுக்குப் பெயர் கொடுத்த மரேன் மெர்சென் ஒரு பிரெஞ்சுத் துறவி. 1644-இல் எந்தெந்த அடுக்குக்குப் பகா எண் வரும் என்று 257 வரை ஒரு பட்டியல் கொடுத்தார். அதில் 67, 257 இரண்டும் தப்பு. 61, 89, 107 மூன்றும் விட்டுப்போயின. அவருடைய பட்டியல் முழுவதையும் சரிபார்த்து முடிக்க முந்நூறு வருஷம் ஆனது. அதனால் தப்புக்காக அவரைக் குறைசொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அந்த முந்நூறு வருஷத்தில் கிடைத்த முதல் பிடி இது: மெர்சென் எண்ணுக்குக் காரணி இருந்தால், அது கண்டபடி இருக்க முடியாது. அடுக்கின் இரு மடங்கால் வகுத்தால் மீதி 1 வர வேண்டும். எட்டால் வகுத்தால் மீதி 1 அல்லது 7 வர வேண்டும். 2047-இல் பாருங்கள்: அடுக்கு 11, இரு மடங்கு 22. காரணிகள் 23, 89 இரண்டும் 22-ஆல் வகுத்தால் மீதி 1 தருகின்றன. எட்டால் வகுத்தால் 23-க்கு மீதி 7, 89-க்கு மீதி 1.

இதை டுரான்டின் எண்ணில் போட்டுப் பார்த்தேன். பேனாவும் பேப்பரும் போதும். அடுக்கின் இரு மடங்கு 27,25,59,682. அதோடு ஒன்று கூட்டினால் 27,25,59,683. எட்டால் வகுத்தால் மீதி 3. ஆகாது. இரு மடங்காக்கி ஒன்று கூட்டினால் 54,51,19,365, மீதி 5. ஆகாது. மும்மடங்காக்கி ஒன்று கூட்டினால் 81,76,79,047, மீதி 7. இதுதான் முதல் முறையாகத் தகுதி பெறுகிறது. அதாவது 81 கோடி வரை உள்ள எந்த எண்ணும் இந்த நாலு கோடி இலக்க எண்ணை வகுக்காது என்பது ஒரு டீ ஆறுவதற்குள் தெரிந்துவிடுகிறது. தேடுகிறவர்களும் முதலில் இப்படித்தான் வேண்டாத அடுக்குகளைக் கழிக்கிறார்கள். சிறிய காரணி அகப்பட்டால் அந்த அடுக்கு அவுட். அகப்படாதவைதான் பெரிய சோதனைக்குப் போகும்.

அந்தப் பெரிய சோதனை எதுவார் லுக்கா என்ற பிரெஞ்சுக்காரரின் யோசனையில் பிறந்தது. ஹனோய் கோபுரம் என்று மூன்று குச்சியில் வளையங்களை மாற்றும் விளையாட்டு உண்டே, அதை 1883-இல் வெளியிட்டவரும் இவர்தான். அதிலும் வளையங்களை மாற்றக் குறைந்தபட்சம் 3, 7, 15, 31 என்று மெர்சென் எண்ணிக்கையில்தான் நகர்த்த வேண்டும். 1876-இல் லுக்கா இரண்டு முடிவுகளைச் சொன்னார். 2¹²⁷ − 1, 39 இலக்கம், பகா எண். 2⁶⁷ − 1 பகு எண். இரண்டாவதற்கு அவர் காரணி எதையும் காட்டவில்லை. காரணி இருக்கிறது என்று மட்டும் நிறுவினார். அந்தக் காரணிகள், 19,37,07,721-உம் 7,61,83,82,57,287-உம், 1903-இல் ஃபிராங்க் கோல் கண்டுபிடிக்கும் வரை யாருக்கும் தெரியாது. வீட்டுக்குள் ஆள் இருக்கிறார் என்று தெரியும், யார் என்று தெரியாது என்கிற மாதிரி. 2¹²⁷ − 1-ஐ அவர் கையால் கணக்குப் போட்டுத்தான் பிடித்தார். இயந்திரம் இல்லாமல் கண்டுபிடித்த பகா எண்களில் இன்றுவரை அதுதான் பெரியது.

லுக்காவின் யோசனையை 1930-இல் டெரிக் லெமர் செதுக்கி எளிதாக்கினார். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கே புரியும் அளவுக்கு எளிது. 4-இல் தொடங்க வேண்டும். அதன் வர்க்கத்தில் 2 கழித்து, சோதிக்கிற எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். அந்த மீதிக்கு மறுபடியும் அதே வேலை. அடுக்கைவிட இரண்டு குறைவான தடவை செய்த பிறகு மீதி 0 வந்தால் பகா எண். வராவிட்டால் பகு எண். போலி எதுவும் இதில் தேறாது.

127-ஐ எடுப்போம். அடுக்கு 7, ஆக ஐந்து தடவை. 4-இன் வர்க்கம் 16, இரண்டு போனால் 14. அதன் வர்க்கம் 196, இரண்டு போனால் 194, மீதி 67. அடுத்தது 4487, மீதி 42. அடுத்தது 1762, மீதி 111. அடுத்தது 12,319, மீதி 0. பகா எண். 2047-க்கு இதே வேலையை ஒன்பது தடவை செய்தால் 14, 194, 788, 701, 119, 1877, 240, 282 என்று போய்க் கடைசியில் 1736-இல் நிற்கும். பூஜ்யம் இல்லை, ஆகவே பகு எண். 23-ஐயோ 89-ஐயோ நாம் தொடவே இல்லை.

இது எப்படிச் சாத்தியமாகிறது? முழு நிரூபணத்துக்கு இங்கே இடமில்லை, ஆனால் சூட்சுமத்தைச் சொல்லிவிடலாம். ஓர் எண் பகா எண் என்று நிறுவுவதற்கு, அதற்கு முந்தைய எண் அல்லது அடுத்த எண்ணின் காரணிகள் தெரிந்தால் பெரிய பலம். மெர்சென் எண்ணுக்கு அடுத்த எண் என்ன? 2-இன் அடுக்கு. அதன் காரணிகள் எல்லாமே 2. நாலு கோடி இலக்கம் இருந்தாலும் அந்த எண்ணின் காரணிகளில் ஒன்றுகூட நமக்கு மறைவு இல்லை. இந்த எண்ணைப் பற்றி நமக்குத் தெரிவதெல்லாம் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித் தெரிந்ததுதான்.

இரண்டாவது வசதி மீதி எடுப்பதில். ஒன்பதால் வகுத்தால் என்ன மீதி என்று கேட்டால் நாம் வகுப்பதில்லை, இலக்கங்களைக் கூட்டுகிறோம். மெர்சென் எண்ணாலும் அப்படியே. 127-க்குப் பதிலாக 128-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். 4487-இல் 128 முப்பத்தைந்து தடவை போய் 7 மிஞ்சும். 35-ஐயும் 7-ஐயும் கூட்டினால் 42. மேலே வந்த மீதி அதுதான். 1762 என்றால் 13-உம் 98-உம், கூட்டினால் 111. இருமத்தில் 128-ஆல் வகுப்பது வேலையே இல்லை, எண்ணை ஏழாவது இடத்தில் வெட்டி இரண்டு துண்டையும் கூட்டுவதுதான். டுரான்டின் எண்ணிலும் அவ்வளவே: எட்டுக் கோடி இலக்கத்துக்கு வளர்ந்த வர்க்கத்தை நடுவில் வெட்டி, துண்டுகளைக் கூட்டினால் மீதி கையில்.

மீதியை வைத்துப் பிழைப்பது நம் கடற்கரைக்குப் புதிதில்லை. வெள்ளி கோள் சூரியனைக் கடப்பதைப் பார்க்க லெ ஜான்தி என்ற பிரெஞ்சு வானியலாளர் புதுச்சேரிக்கு வந்தார். 1761-இல் போரால் கரை இறங்க முடியவில்லை. 1768-இல் மறுபடியும் வந்து, ஆய்வுக்கூடம் கட்டி, 1769 ஜூனில் காத்திருந்தார். நேரம் பார்த்து மேகம் மூடிவிட்டது. அந்தத் துரதிர்ஷ்டத்தைத்தான் எல்லோரும் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது அவர் இங்கே கற்றுக்கொண்டது. ஊர்க்காரர்கள் கிரகணம் கணிப்பதைப் பார்த்து அவரும் பழகினார். அப்படிக் கணித்ததில், ஏற்கெனவே நடந்து முடிந்திருந்த 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் நீடித்த நேரத்தில் வந்த பிழை 41 வினாடி. அன்றைய ஐரோப்பாவின் சிறந்த அட்டவணையில் 68 வினாடி. அரை நூற்றாண்டு கழித்து ஜான் வாரன் என்ற வானியலாளருக்குப் புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் அதே வேலையைத் தரையில் சோழி பரப்பிச் செய்துகாட்டியிருக்கிறார், அட்டவணைகள் எல்லாம் மனப்பாடத்தில். வாரன் 1825-இல் அதைப் புத்தகமாகப் பதிந்தார். எண்களைச் சொற்றொடர்களாக்கி மனப்பாடம் செய்யும் வாக்கிய முறையில் சந்திரனைக் கணிக்க நாள் எண்ணிக்கையை 12,372-ஆல் வகுத்து, மீதியை 3,031-ஆல் வகுத்து, அதன் மீதியை 248-ஆல் வகுப்பார்கள். ஈவுகளுக்கு ஆளுக்கொரு சிறு திருத்தம். கடைசி மீதிக்கு, மனப்பாடமான 248 வாக்கியங்களில் எது என்று பார்த்தால் சந்திரன் நிற்கும் இடம் தெரிந்துவிடும். லட்சக்கணக்கான நாட்களை 248-க்குள் மடக்கிப்போடும் அந்தச் சோழிக் கணக்குக்கும், எட்டுக் கோடி இலக்கத்தை நாலு கோடிக்குள் மடக்கும் சோதனைக்கும் நோக்கம் வேறு, கை ஒன்று.

ஆனால் சோழிக்காரருக்குச் சில வகுத்தல்களில் வேலை முடிந்தது. டுரான்டின் எண்ணுக்கு 13,62,79,839 தடவை வர்க்கம் எடுக்க வேண்டும். ஒவ்வொன்றும் நாலு கோடி இலக்க எண். பள்ளிக்கூட முறையில் பெருக்கினால் ஒரே ஒரு வர்க்கத்துக்கே கோடியை மீண்டும் கோடியால் பெருக்கிய அளவு வேலை ஆகும். ஃபூரியே உருமாற்றத்தை வைத்துப் பெரிய எண்களைக் குறுக்கு வழியில் பெருக்கும் உத்தி இல்லாவிட்டால் இந்தத் தேடலே கிடையாது. அது தனிக் கட்டுரைக்கான விஷயம்.

தேடலை நடத்துவது கிம்ப்ஸ் என்ற கூட்டு முயற்சி. 1996-இல் ஜார்ஜ் வோல்ட்மன் தொடங்கினார். உலகம் முழுக்க யார் வேண்டுமானாலும் தங்கள் கம்ப்யூட்டரின் ஓய்வு நேரத்தைக் கொடுக்கலாம். முந்தைய சாதனை 2018 டிசம்பரில் வந்தது, 2,48,62,048 இலக்கம். அப்புறம் ஆறு வருஷம் ஒன்றுமில்லை. டுரான்ட் வேறு வழியில் போனார். 17 நாடுகளில் வாடகைக்குக் கிடைத்த கிராஃபிக்ஸ் சிப்களை ஒன்றாகக் கோத்தார். 2024 அக்டோபர் 11 அன்று அயர்லாந்தின் டப்ளினில் ஒரு சிப், மேலே சொன்ன ஃபெர்மா பாணிச் சோதனையில் இந்த எண் தேறியதாகச் சொன்னது. மறுநாள் டெக்சஸின் சான் அன்டோனியோவில் இன்னொரு சிப் லுக்கா–லெமர் சோதனையை முடித்து பூஜ்யத்தைக் காட்டியது. வேறு வேறு புரோகிராம்களிலும் இயந்திரங்களிலும் மீண்டும் ஓட்டிப் பார்த்த பிறகு அக்டோபர் 21-இல் அறிவித்தார்கள். பரிசு 3,000 டாலர். இத்தனை சிப் வாடகைக்கு முன்னால் அது பஸ் காசு.

கண்டுபிடித்த தேதி எது என்பதிலும் ஒரு வேடிக்கை உண்டு. 2⁷⁴²⁰⁷²⁸¹ − 1 பகா எண் என்று ஒரு கம்ப்யூட்டர் 2015 செப்டம்பரிலேயே சொல்லிவிட்டது. அந்தத் தகவலை ஒரு மனிதர் கவனித்தது 2016 ஜனவரியில். கண்டுபிடிப்பு நாளாகப் பதிவாகியிருப்பது ஜனவரி 7. டுரான்டின் எண் 52-ஆவது மெர்சென் பகா எண் என்பதையும் 'இதுவரை தெரிந்தவற்றில்' என்று சேர்த்துத்தான் படிக்க வேண்டும். நடுவில் சோதிக்க வேண்டிய அடுக்குகள் மிச்சம் இருக்கின்றன, ஒன்று விட்டுப்போயிருக்கலாம். 2008-இல் ஒரு பெரிய எண் கிடைத்த பிறகு அதைவிடச் சிறியவை இரண்டு பின்னால் வந்து சேர்ந்தன.

இந்த எண்ணை முழுதாக எழுதாமலே அதைப் பற்றி என்னவெல்லாம் சொல்லலாம் என்பதுதான் வகுப்பில் எடுபட்டது. கடைசி மூன்று இலக்கம் வேண்டுமா? 2-இன் அடுக்குகளின் கடைசி மூன்று இலக்கங்கள் நூறு அடுக்குக்கு ஒரு தடவை திரும்ப வரும் (முதல் இரண்டை மட்டும் விட்டுவிட வேண்டும்). 13,62,79,841-ஐ நூறால் வகுத்தால் மீதி 41. 2⁴¹ என்பது 21,99,02,32,55,552. ஒன்று கழித்தால் முடிவு 551. முதல் இலக்கங்கள் வேண்டுமென்றால் மடக்கை: 13,62,79,841-ஐ 2-இன் மடக்கையான 0.30102999566 ஆல் பெருக்கினால் 4,10,24,319.945 வருகிறது. முழு எண்ணோடு ஒன்று கூட்டினால் இலக்கங்களின் எண்ணிக்கை. 0.945-ஐ மடக்கையாகக் கொண்ட எண் 8.81 சொச்சம். ஆக 881-இல் தொடங்கி 551-இல் முடிகிற எண். கால்குலேட்டர் ஒன்று, ஐந்து நிமிடம்.

இன்னொரு குணம் யூக்ளிட் காலத்தது. 6-இன் காரணிகளில் அதைத் தவிர மற்றவற்றைக் கூட்டுங்கள்: 1 + 2 + 3 = 6. 28-க்கும் அப்படியே: 1 + 2 + 4 + 7 + 14. இவற்றை நிறைவெண்கள் என்போம். மெர்சென் பகா எண் ஒன்று கிடைத்தால் நிறைவெண் ஒன்று இலவசம் என்று யூக்ளிட் காட்டினார். இரட்டை நிறைவெண்கள் அத்தனையும் இப்படித்தான் வரும் என்று ஆய்லர் முடித்துவைத்தார். டுரான்டின் எண் கூட்டிவந்த நிறைவெண்ணுக்கு 8,20,48,640 இலக்கம். 6-ஐத் தவிர்த்த எந்த இரட்டை நிறைவெண்ணிலும் இலக்கங்களைக் கூட்டிக் கூட்டிக் குறைத்தால் 1தான் வரும்: 28-க்கு 10, அப்புறம் 1, 496-க்கு 19, 10, 1. எட்டுக் கோடி இலக்கத்தையும் கூட்டினால் முடிவு 1 என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம். ஒற்றைப்படை நிறைவெண் உண்டா என்பது மட்டும் இன்னும் யாருக்கும் தெரியாது.

இதனால் என்ன பிரயோஜனம் என்று பெற்றோர் கேட்பார்கள். இணையப் பரிமாற்றங்களைப் பூட்டப் பகா எண்கள் உதவுகின்றன என்பது உண்மைதான். ஆனால் ஆர்.எஸ்.ஏ. என்ற பூட்டு முறைக்கு முந்நூற்றுச் சொச்சம் இலக்கமுள்ள பகா எண் இரண்டு போதும், அதுவும் யாருக்கும் தெரியாததாக இருக்க வேண்டும். உலகமே அறிந்த நாலு கோடி இலக்க எண் அதற்கு உதவாது. சிப்களின் பிழையைப் பிடிக்க இந்தக் கணக்குகள் உதவியிருக்கின்றன, பெரிய எண்களை வேகமாகப் பெருக்கும் முறைகள் இதனால் கூர்மையாயின. இதற்கு மேல் நான் பொய் சொல்ல விரும்பவில்லை.

அந்தப் பெண் அடுத்த வாரமும் விடவில்லை. "அப்ப இந்த உருவத்துல இருக்கற எந்த எண்ணுன்னாலும் கண்டுபிடிச்சிடலாமா சார்?" என்றாள். பலகையில் 2, 3, 7, 127 என்று எழுதினேன். 2² − 1 = 3. 2³ − 1 = 7. 2⁷ − 1 = 127. ஒவ்வொரு எண்ணும் அடுத்ததற்கு அடுக்கு. 2¹²⁷ − 1, லுக்கா கையால் பிடித்த அதே எண். ஐந்துமே பகா எண்கள். ஆறாவது எண்ணுக்கு அந்த 39 இலக்க எண்ணே அடுக்கு. லுக்கா–லெமர் சோதனையை அதில் ஓட்ட வேண்டுமானால், எத்தனை தடவை வர்க்கம் எடுக்க வேண்டும் என்ற எண்ணிக்கையே 39 இலக்கம். எழுதிப் பார்க்கலாம் என்றால் அதன் இலக்கங்களுக்கு உலகத்தில் உள்ள நோட்டெல்லாம் போதாது. செய்ய முடிவது ஒன்றே ஒன்று: அடுக்கின் இரு மடங்கால் வகுத்தால் மீதி 1, எட்டால் வகுத்தால் மீதி 1 அல்லது 7 என்று தகுதி பெறும் எண்களை ஒவ்வொன்றாகக் கொடுத்து, எதுவாவது அதை வகுக்கிறதா என்று பார்ப்பது. பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். இதுவரை ஒன்றும் சிக்கவில்லை.